அட்டையில் ‘இல்லை, இல்லை’: கொழுந்து பறிக்கும் தாய் ஒருவரின் சிறுநீரகத் தொற்று பற்றிய நிகழ்வு ஆய்வு

ஜூலை மாதத்து மழை இரவு, எட்டு மணி. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓட்டோவில் வந்த 27 வயதுத் தாய், வைத்தியசாலை விடுதி வாசலில் இறங்கும்போதே நடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கம்பளி போர்த்தியிருந்தும் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் மேசைக்கு இப்பால் நின்ற எனக்குக் கேட்டது. இரண்டாவது கர்ப்பம், 26 வாரமும் 3 நாட்களும். காய்ச்சல் 39.2 பாகை செல்சியஸ், நாடித்துடிப்பு 124, இரத்த அழுத்தம் 90/60, சுவாசம் நிமிடத்துக்கு 26. காய்ச்சல் தொடங்கி மூன்று நாள். முதல் நாள் பனடோல் போட்டுக்கொண்டு கொழுந்துக்குப் போயிருக்கிறார். இரண்டாம் நாள் அரைப் பேரோடு, அதாவது அரை நாள் சம்பளத்தோடு, திரும்பியிருக்கிறார். மூன்றாம் நாள் விடாத வாந்தி.

பொலித்தீன் உறையில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்த கர்ப்பிணி அட்டையை நீட்டினார். அதில் 22ஆம் வார வரிசையில் இருந்த கையொப்பம் என்னுடையது. இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்கு முதற் காரணம் அந்தக் கையொப்பம்தான்.

தாயின் சம்மதத்துடன் எழுதுகிறேன். தோட்டத்தின் பெயர், வருடம், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் விடப்பட்டுள்ளன.

முதல் இரவு

காய்ச்சலோடு வரும் கர்ப்பிணியைக் கண்டால் இன்று எங்கள் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. மஸ்கெலியா உயரத்தில் அது குறைவுதான். ஆனால் இவர் அதற்கு முந்தைய வாரம் கொழும்பில் கடையில் வேலை செய்யும் கணவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எலிக்காய்ச்சலையும் தள்ளிவிட முடியவில்லை. சேற்றில் கால் வைக்காமல் மலைக்குப் போக முடியாது. மூன்றாவதாகக் கருப்பைக்குள்ளேயே தொற்று இருக்கலாம் என்ற பயம். நீர்க்குடம் உடைந்ததற்கான அறிகுறி இல்லை, கருப்பையைத் தொட்டால் நோகவில்லை. ஆனாலும் அது பத்து நிமிடத்துக்கு இரண்டு தடவை இறுகிக்கொண்டிருந்தது. கருப்பை வாய் மூடியிருந்தது. சிசுவின் இதயத்துடிப்பு 170.

முதுகுப்புறம், வலது கடைசி விலா எலும்புக்குக் கீழே, கையை வைத்து மெல்லத் தட்டினேன். கட்டிலை விட்டு எழுந்துவிட்டார்.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். வேறு சொல்லில் கேட்டேன்; யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு வாயில் வந்த சொல் சலக்கடுப்பு. அதற்கும் தலையை ஆட்டினார், என்ன கேட்கிறேன் என்பது புரியாமலேயே. பக்கத்தில் நாடி பார்த்துக்கொண்டிருந்த தாதி ஹட்டன்காரர். அவர் நிமிராமலே, “சூடு பிடித்ததா பிள்ளை?” என்றார்.

“இரண்டு மாதமாகச் சூடுதான் மிஸ். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன்.”

சூடு என்பது அவருக்கு நோயாகத் தெரியவில்லை. வெயிலில் நின்றால், காரம் சாப்பிட்டால், பிள்ளை வயிற்றில் இருந்தால் வருவது. வெந்தயமும் இளநீரும் குடித்தால் தணிவது. அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நானும் அவரும் பேசியது தமிழ்தான். அப்படியிருந்தும் இரண்டு கேள்விகள் வீணாகின. சிங்களத்தில் கேட்டு, அரைகுறை மொழிபெயர்ப்பில் பதில் வாங்கும் கிளினிக்குகளில் எத்தனை கேள்விகள் வீணாகும் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

சிறுநீரை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது புலம் முழுக்கச் சீழ் அணுக்கள். வெள்ளணு 18,600. ஹீமோகுளோபின் 9.2. குருதிச் சிறுதட்டுகள் 168,000. டெங்குவுக்கான முதற் பரிசோதனை எதிர்மறை. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 96 மைக்ரோமோல். ஆண் ஒருவருக்கு இது சாதாரண அளவு. கர்ப்பிணியின் சிறுநீரகம் வழமையை விட வேகமாகச் சுத்திகரிப்பதால் அவருக்கு இது உயர்ந்த அளவு. ஆய்வுகூடம் இந்த எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பாது. பார்ப்பவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனைக்கு இரத்தமும் சிறுநீரும் எடுத்த கையோடு செஃப்ட்ரையக்சோன் என்ற அன்டிபயோட்டிக் ஊசி தொடங்கியது. சேலைன் அளந்து போனது. சிறுநீரகத் தொற்றுள்ள கர்ப்பிணிக்குச் சேலைனை அள்ளி ஊற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சிசுவின் நுரையீரலை முதிர வைக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொய்ட் ஊசி தட்டில் எடுத்து வைக்கப்பட்டது. மகப்பேற்று நிபுணர் வந்து பார்த்து, கருப்பை வாய் மூடியிருக்கும்வரை பொறுத்திருப்போம் என்றார். கடும் தொற்று இருக்கும்போது ஸ்டெரொய்ட் கொடுக்கத் தயங்குவது நியாயம்தான்; 26 வாரத்தில் கொடுக்காமல் காத்திருப்பதும் இலகுவான முடிவு இல்லை. அந்த இரவு நான் நான்கு தடவை கட்டிலருகே போனேன். விடியும்போது காய்ச்சல் 38க்கு இறங்கியிருந்தது, இறுக்கமும் அடங்கியிருந்தது. தட்டில் இருந்த ஊசி தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது: ஈ. கோலை பக்டீரியா, மில்லிலீற்றருக்கு ஒரு லட்சத்துக்கு மேல். வழக்கமான அன்டிபயோட்டிக்கான அமொக்சிசிலினுக்குப் பணியாத வகை. ஸ்கேனில் வலது சிறுநீரகத்தின் குழி சற்று விரிந்திருந்தது, கல் இல்லை. கர்ப்பகால ஹோர்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை வலப்பக்கம் சாய்ந்து அழுத்துகிறது. தேங்கிய நீரில் பக்டீரியா ஏறுவதற்கு வழி அங்கேதான் இலகு. ஆறாம் நாள் மாத்திரையோடு வீடு திரும்பினார்.

அட்டையைத் திரும்ப வாசித்தபோது

குறை சொல்ல முடியாத அட்டை. மருத்துவ மாது ஏழாம் வாரத்திலேயே லயத்துக்கு (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) போய்ப் பதிவு செய்திருக்கிறார். உயரம் 147 சென்ரிமீற்றர், நிறை 38.5 கிலோ, உடற்திணிவுச் சுட்டி 17.8. ஹீமோகுளோபின் 10.1. முதல் பிள்ளை 34 வாரத்தில், 1.7 கிலோவில். ஆபத்துக் காரணிகளுக்கான கட்டங்களில் இவை எல்லாம் சிவப்பில் குறிக்கப்பட்டிருந்தன. அதனால்தான் ஸ்கேனுக்கும் நிபுணர் பார்ப்பதற்கும் 22ஆம் வாரத்தில் எங்கள் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். அனுப்பியவர்கள் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள்.

சிறுநீர் நிரலில் 9, 14, 18, 22 ஆகிய நான்கு வாரங்களிலும் ஒரே பதில்: இல்லை, இல்லை.

முதல் ‘இல்லை’ சீனிக்கு, இரண்டாவது புரதத்துக்கு. ஒன்று நீரிழிவைத் தேடுகிறது, மற்றது கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோயைத் தேடுகிறது. இரண்டும் தேவையானவை. ஆனால் தொற்று உண்டா என்று அந்த நிரலில் யாரும் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு விழுந்த பதிலாக அதை நான் வாசித்தேன். ‘சிறுநீர் சுத்தம்’ என்று மனதில் பதித்துக்கொண்டு கையொப்பமிட்டேன். அன்றைக்கு அவருக்குச் சூடு பிடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இன்னொன்றையும் அட்டை சொல்லாமல் விட்டிருந்தது. முதல் பிரசவம் ஏன் முந்தியது? கட்டத்தில் ‘குறைமாதம்’ என்ற ஒரு சொல் மட்டும். விடுதியில் நான்காம் நாள், கஞ்சி குடித்துக்கொண்டே அவர் சொன்னது: “அப்போதும் இப்படித்தான் குளிர்க் காய்ச்சல் வந்தது. அடுத்த நாள் வலி வந்துவிட்டது.” அந்த முதல் காய்ச்சலும் சிறுநீரகத்திலிருந்து வந்ததா என்பதை இனிக் கண்டறிய வழியில்லை. ஆனால் ‘குறைமாதப் பிரசவம்’ என்று எழுதும் இடத்தில் ‘காய்ச்சலோடு’ என்று ஒரு சொல் சேர்ந்திருந்தால், இரண்டாவது கர்ப்பத்தின் முதல் மாதத்திலேயே சிறுநீர் வளர்ப்புப் பரிசோதனைக்குப் போயிருக்கும்.

இரத்த மாதிரிக் குழாய் எப்படிப் போய்ச் சேர்ந்தது

இதே அட்டையில் என்னைத் தலைநிமிர வைக்கும் பகுதியும் உண்டு. பதிவின்போது சிஃபிலிசுக்கான வீ.டி.ஆர்.எல். பரிசோதனைக்கும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் எடுத்த இரத்தம், போகும் வழியில் சிதைந்துவிட்டதாக ஆய்வுகூடத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது. அடுத்த கிளினிக் இன்னும் நான்கு வாரம் தள்ளி. மருத்துவ மாது காத்திருக்கவில்லை. மழையில் இரண்டு மைல் ஏறி, மாலை மலையிலிருந்து அவர் திரும்பும்வரை லயத்து வாசலில் உட்கார்ந்திருந்து, சொல்லி அழைத்துக்கொண்டு போய் அடுத்த நாள் மீண்டும் இரத்தம் எடுக்க வைத்திருக்கிறார். இரண்டு முடிவுகளும் எதிர்மறை என்று 12ஆம் வாரத்துக்கு முன்பே அட்டையில் ஏறியிருந்தன.

தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிசும் கடப்பதை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை 2019 டிசம்பரில் அங்கீகரித்தது. அந்த அங்கீகாரம் ஜெனீவாவில் எழுதப்பட்ட தாளாக இருக்கலாம். அதைச் சம்பாதித்தது இப்படிப்பட்ட கால்கள். சிஃபிலிசுக்கு நேரத்தோடு பென்சிலின் கொடுத்தால் பிள்ளை தப்பிவிடும், பிரசவத்துக்கு ஒரு மாதமாவது முன்னதாகக் கொடுத்து முடிக்க வேண்டும் என்பதுதான் அத்தனை அவசரத்துக்கும் காரணம். வீ.டி.ஆர்.எல். சில வேளை கர்ப்பத்தினாலேயே பொய்யாக நேர்மறை காட்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உறுதிப்படுத்தும் இரண்டாவது பரிசோதனைக்கு முன் குடும்பத்தில் எவரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்ததால் குலைந்த குடும்பங்கள் உண்டு.

மற்றவையும் ஒழுங்காக நடந்திருந்தன. ரூபெல்லா ஊசி பாடசாலைக் காலத்தில் போட்டதற்கான துண்டு இருந்தது. ஏற்புவலித் தடுப்பூசி போடப்பட்டிருந்தது. முதல் மூன்று மாதம் முடிந்ததும் பூச்சி மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது. கால் வழியே ஏறி இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு இந்த மலைகளின் பழைய கடன். 1910களின் நடுப்பகுதியிலேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளையினர் அதற்கு மருந்து கொடுக்கத் தோட்டங்களுக்கு வந்துவிட்டார்கள். வெறுங்காலோடு நின்று இரத்தம் குறைந்த பெண்ணைத் தொற்று இலகுவாக வீழ்த்தும்.

அப்படியானால் சிறுநீர் மட்டும் ஏன் விடுபட்டது? அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையான காரணம் பயணத்தில் இருக்கிறது. இரத்த மாதிரிக் குழாய் குளிர்ப்பெட்டியில் ஒரு பகல் பொறுத்திருக்கும். வெளியில் வைத்த சிறுநீர் பொறுக்காது. அறை வெப்பத்தில் ஈ. கோலை ஒன்று இரண்டாகி நான்காகிப் பெருகிக்கொண்டே போகும். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேராமல், குளிரூட்டவும் இல்லாவிட்டால், கிடைக்கும் எண்ணில் அர்த்தமில்லை. தோட்டத்துக் கிளினிக் முடிந்து பஸ் பிடித்து நகரத்துக்கு வருவதற்கே அவ்வளவு நேரம் போய்விடுகிறது. அதோடு மாதிரி எடுப்பதும் பிரச்சினை. கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய குப்பியில் பிடிக்க வேண்டும். கிளினிக் நடக்கும் மண்டபத்தின் கழிப்பறையில் குழாய் இல்லை, வாளி மட்டும். பெண்கள் வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவருவது பழைய மருந்துப் போத்தல்.

மலையில் ஒரு நாள்

வீடு திரும்பிய மூன்றாம் வாரம், மருத்துவ மாதுவோடு நானும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ஆய்வுக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் கையொப்பம் என்னை விட்டபாடில்லை.

காலை ஐந்தரைக்கு லயத்துக் கழிப்பறை. ஆறரைக்குப் பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம். ஏழரைக்கு மலை. முழு நாள் சம்பளமான நாள் பேருக்கு 18 கிலோ கொழுந்து நிறுக்க வேண்டும். பத்து மணிக்கு ரொட்டியும் சம்பலும். சாயத் தண்ணீர் அரைக் கோப்பை, அதற்கு மேல் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதுதான் விஷயம். அன்று அவர்கள் நின்ற மலையிலிருந்து லயத்துக் கழிப்பறைக்கு இறங்க நான் எடுத்தது 25 நிமிடம். ஏறுவதற்கு அதைவிட அதிகம். போய்வந்தால் மூன்று நான்கு கிலோ போய்விடும்.

தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கலாமே என்று மிகவும் படித்த என் வாய் கேட்டது. அவர் சிரித்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்கைக் காட்டினார். மழைக்கும் செடியின் கீறலுக்கும் பாதுகாப்பாக இடுப்பிலிருந்து முழங்கால் வரை சுற்றி, கயிற்றால் இறுக்கிய தடித்த பொலித்தீன் விரிப்பு. கயிறு நனைந்து முடிச்சு ஊறிவிட்டால் விரல் நகத்தால்தான் பிரிக்க வேண்டும். கூடையை இறக்கி, அதைப் பிரித்து, உட்கார்ந்தால் இரத்தம் உறிஞ்சும் அட்டைகள். தென்மேல் பருவ மழையில் அந்தச் செடியடியில் ஒரு நிமிடம் நின்ற என் காலுறைக்குள் மூன்று ஏறியிருந்தன. மேல் வரிசையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி நிற்கிறார். நல்ல மனிதர்தான், ஆனாலும் ஆண்.

ஆகவே அவர் காலையில் போனால் மாலை ஐந்து மணிக்குத்தான். வயிற்றில் பிள்ளை வந்து அடிக்கடி முட்டத் தொடங்கியதும் அவர் கண்டுபிடித்த வழி, தண்ணீரைக் குறைப்பது. இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மலையில் எல்லோரும் செய்வது.

நீரை அடக்கியதால்தான் தொற்று வந்தது என்று ஒரு நோயாளியை வைத்துச் சாதிக்க முடியாது. ஆனால் திரும்பத் திரும்பச் சிறுநீர்ப்பைத் தொற்று வரும் 140 பெண்களில் ஒரு பாதியினரை நாளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வைத்தபோது, வருடத்துக்கு மூன்றுக்கு மேல் இருந்த தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2018இல் வெளியான ஆய்வு அது. அவர்கள் கர்ப்பிணிகள் அல்லர், தண்ணீர் குடித்தால் போக இடமும் அவர்களுக்கு இருந்தது. ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று நான் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். குடித்துவிட்டு எங்கே போவது என்று ஒருவரும் என்னிடம் திருப்பிக் கேட்டதில்லை.

இன்னொரு வேடிக்கை. பக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட்டைக் காட்டும் பரிசோதனைப் பட்டி, சிறுநீர் நான்கு மணித்தியாலமாவது பையில் தங்கியிருந்தால்தான் சரியாக நிறம் மாறும். கிளினிக் நாளில் இவர்களுக்கு வேலையில்லை. வரிசையில் உட்கார்ந்து தேநீர் குடித்து இரண்டு மூன்று தடவை போய்வந்த பின் மாதிரி கொடுக்கிறார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களது சிறுநீர் மிகவும் தெளிவாக இருக்கும் நாள்.

எல்லோருக்கும் செய்ய வேண்டுமா?

கர்ப்பிணிகளில் 2 முதல் 10 சதவீதமானோருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் சிறுநீரில் பக்டீரியா இருக்கும். சிகிச்சை இல்லாமல் விட்டால் அவர்களில் 20 முதல் 35 சதவீதம் வரை சிறுநீரகத் தொற்றில் போய் முடியும் என்று பழைய ஆய்வுகள் கூறின. 2016இல் உலக சுகாதார நிறுவனம் வளர்ப்புப் பரிசோதனையையும், கண்டால் ஏழு நாள் அன்டிபயோட்டிக்கையும் பரிந்துரைத்தது. எதிர்த் தரப்பும் பலவீனமானதல்ல. 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், சிகிச்சை பெறாதவர்களில் 2.4 சதவீதத்தினருக்குத்தான் சிறுநீரகத் தொற்று வந்தது. பக்டீரியா இல்லாதவர்களில் அது 0.6. தேவையற்ற மருந்து பணியாத கிருமிகளை வளர்க்கும் என்ற கவலையும் நியாயமானது. எங்கள் தாயின் ஈ. கோலையே அமொக்சிசிலினைக் கேலி செய்தது.

ஆனால் அந்த நெதர்லாந்துப் பெண்கள் ஆபத்துக் குறைந்தவர்களாகத் தெரிவு செய்யப்பட்டவர்கள். உடற்திணிவு 17.8, ஹீமோகுளோபின் 10, முந்தைய குறைமாதம், பத்து மணித்தியாலத்துக்கு மேல் அடக்கிய சிறுநீர் ஆகியவற்றோடு மலையில் நிற்கும் பெண்ணுக்கு அந்த 2.4ஐ எடுத்துப் பொருத்துவது தவறு என்பது என் முடிவு. எல்லோருக்கும் செய்ய வசதி இல்லாவிட்டால் இவர்களுக்காவது செய்ய வேண்டும். எங்கள் ஆபத்துக் கட்டங்களில் வயது, உயரம், நிறை, பழைய சத்திரசிகிச்சை எல்லாம் உண்டு. தொழில் என்ற இடத்தில் ‘தோட்டத் தொழிலாளி’ என்று எழுதப்படுகிறது. அது முகவரிபோல வாசிக்கப்படுகிறது.

பிறகு

சிகிச்சை முடிந்த ஒரு வாரத்தில் எடுத்த வளர்ப்புப் பரிசோதனை எதிர்மறை. ஒரு தடவை சிறுநீரகம் வரை ஏறியது திரும்ப வரக்கூடும் என்பதால் இரவுக்கு ஒன்றாக செஃபலெக்சின் என்ற அன்டிபயோட்டிக் 250 மில்லிகிராம் பிரசவம் வரையும் அதற்குப் பின் ஆறு வாரமும் கொடுத்தோம். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கிவந்தார் என்பதும் இந்தச் சந்தடியில்தான் தெரிந்தது. எலுமிச்சைத் தண்ணீருக்கு மாற்றினோம். ஹீமோகுளோபின் 34ஆம் வாரத்தில் 10.6.

தோட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதற்கு முன்பே கங்காணி, மருத்துவ மாது சொன்ன ஒரே சொல்லில், அவரையும் வேறு இரண்டு கர்ப்பிணிகளையும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கிட்டிய வரிசைகளில் போட்டுவிட்டார். மடுவத்துக்குப் பின்னால் ஒரு கழிப்பறை இருந்தது, பூட்டியிருந்தது, சாவி கணக்கப்பிள்ளையிடம். இப்போது ஆணியில் தொங்குகிறது.

கிளினிக்கில் நாங்கள் செய்த மாற்றம் சின்னது. சிறுநீரை மலையிலிருந்து இறக்குவதை விட்டுவிட்டோம். முதல் ஸ்கேனுக்கு வைத்தியசாலைக்கு வரும் நாளிலேயே, ஆய்வுகூடத்திலிருந்து முப்பது அடி தூரத்தில், குப்பி கொடுத்து மாதிரி எடுக்கிறோம். அட்டையில் அதற்கு நிரல் இல்லாததால் ஓரத்தில் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்கிறோம். ‘சூடு பிடிக்கிறதா’ என்ற கேள்வி எங்கள் அறையில் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது, சிங்களம் பேசும் வைத்தியர்களுக்காகச் சிங்கள எழுத்திலும்.

38 வாரத்தில் சுகப்பிரசவம். பெண் பிள்ளை, 2.64 கிலோ. சிறுநீரகத்தைப் பிரசவத்துக்குப் பின் பன்னிரண்டாம் வாரத்தில் மறுபடி ஸ்கேன் செய்யத் தேதி கொடுத்தேன், பத்தாம் திகதி. அவர் வரவில்லை. தோட்டத்தில் சம்பள நாள் அது என்பதை மருத்துவ மாது எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வாரம் கழித்து வந்தார். வலது சிறுநீரகத்தின் விரிவு மறைந்திருந்தது. மலைக்கு இன்னும் போகவில்லை, பிள்ளை மடுவத்தில் இடம் கிடைத்த பிறகுதான் என்றார்.